வறுத்த மணல்

தர்மராஜுக்கு முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அரியலூரில் மூன்று காரணங்கள் சொன்னார்கள். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். வீட்டுக்குள் மண்ணைக் கொட்டி வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி விளையாடுகிறான். முதல் இரண்டையும் அவனே ஒத்துக்கொள்வான். மூன்றாவதில் மட்டும் அவனுக்கு ஒரு திருத்தம் உண்டு. அது மண் இல்லை, மணல். அதுவும் சரியான மணல் இன்னும் கிடைத்தபாடில்லை.

வேலை ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில். மணிக்கு ஒரு தடவை மில்லுக்குப் போய் டப்பாவில் தூளை அள்ளிக்கொண்டு வருவான். அதை நிறுத்து, தொண்ணூறு மைக்ரான் சல்லடையில் போட்டுச் சலித்து, மேலே எவ்வளவு தங்கியது என்று நோட்டில் எழுதுவான். பதினான்கு வருஷமாக இதே வேலை. தூளை விரல் நுனியில் வைத்து உருட்டிப் பார்த்தே மில் சரியாக அரைக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். அந்த விரலுக்கு ஆலையில் மரியாதை இருந்தது. விரலுக்கு உரிய ஆளுக்குத்தான் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார ஒருவரும் இல்லை. விரோதம் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்தால் பேச்சு நகராது, அவ்வளவுதான்.

1997-இல் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு செந்துறை சாலையில் இருந்த அந்த லைன் வீட்டில் அவன் தனி ஆள். ஒரே அக்கா பாப்பாத்தியை வாலிகண்டபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து, கரிப்பிடித்த பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, "நீ இப்படியே கெடந்து செத்துப் போவப்போற" என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போவாள்.

மறு வருஷம் ஆலையில் புது மில் பொருத்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வந்தார். ஏழெட்டு மாசம் இருந்தார். சாயங்காலங்களில் பொழுது போகாமல் கெஸ்ட் ஹவுஸ் மேஜைமேல் ஒரு பொம்மை ரயிலை ஓட்டிக்கொண்டிருப்பார். பொம்மை என்றால் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் சமாச்சாரம் இல்லை. நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறைத்து, ஆணி ஆணியாகச் செய்தது. சாம்பிள் ரிப்போர்ட் கொடுக்கப் போன தர்மராஜ் வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்றான். அவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு இன்ஜின், மூன்று வேகன், ஒரு வட்டம் போடும் அளவுக்குத் தண்டவாளம், இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டார். அவன் வாழ்க்கையில் கேட்காமல் கிடைத்தது அது ஒன்றுதான்.

இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் அரியலூர் ஸ்டேஷனையே கட்டுவது என்று முடிவு பண்ணினான். வார லீவு நாளில் ஸ்டேஷனுக்குப் போய் அடியெடுத்து அளப்பான். வீட்டுக்கு வந்து எண்பத்தேழால் வகுப்பான். தண்ணீர்த் தொட்டி, சிக்னல் கம்பம், பிளாட்பார வேப்பமரம் எல்லாம் அட்டையிலும் குச்சியிலும் மெதுவாக எழும்பின. எல்லாம் ஆனது. தரைதான் ஆகவில்லை.

ஆங்கிலப் பத்திரிகையை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்ததில் அவனுக்குப் புரிந்தது இது. மணலைச் சும்மா அள்ளிக் கொட்டினால் அது மணலாகத் தெரியாது. எண்பத்தேழு மடங்கு பெரிய கண்ணால் பார்ப்பதற்குச் சமம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆலைச் சல்லடையில் தங்கும் தூள்கூட அந்த ஸ்டேஷனில் எட்டு மில்லிமீட்டர் சரளையாகிவிடும். ஆற்று மணலைப் போட்டால் பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில் பாறாங்கல் உருட்டிவிட்டது போல இருக்கும். ஆக, மணல் மாதிரி தெரிவதற்கு மணலைவிடச் சன்னமான ஒன்று வேண்டும். அதை முதலில் இரும்புச் சட்டியில் போட்டு வறுத்து ஈரத்தைப் போக்க வேண்டும், சலிக்க வேண்டும், பரப்ப வேண்டும், பிறகு தண்ணீர் கலந்த பசையைத் தெளித்து இறுகவிட வேண்டும்.

சன்னமான தூளுக்கு அரியலூரிலா பஞ்சம்? ஊரே அதைத்தான் மூச்சில் இழுக்கிறது. ஆனால் சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டால் ஸ்டேஷன் முழுக்கக் கோலமாவு கொட்டியது போல வெளுத்தது. ஜெயங்கொண்டத்து முந்திரிக் காட்டுச் செம்மண் பசை பட்டதும் ரத்தக்காடாகிவிட்டது. விக்கிரமங்கலம் பக்கத்துக் கரிசல் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. திருமானூருக்குப் போய்க் கொள்ளிடத்து மணலை மஞ்சள் பையில் கொண்டுவந்து அம்மியில் அரைத்தான். அம்மா சட்னி அரைத்த அம்மி அது. நிறம் மட்டும் பொன்னாக நின்றது. தண்டவாளங்கள் கிடக்கும் ஸ்டேஷன் யார்டின் தரை அப்படிப்பட்டது இல்லையே. நீராவி இன்ஜின் காலத்துக் கரித்தூள், டீசல் சொட்டு, பிரேக் தேய்ந்த துரு, வருஷக்கணக்கான மழையும் வெயிலும் எல்லாம் ஏறி, கருப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். அதற்குப் பேர்கூடக் கிடையாது.

கடைசியில் யார்டிலேயே குனிந்து ஒரு பொட்டலம் அள்ளிக்கொண்டு வந்து பரப்பினான். நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது. இன்ஜினை ஓடவிட்டான். இரண்டு சுற்று ஓடி, மூன்றாவது சுற்றில் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், மண்ணில் இருந்த இரும்புத் துகளையெல்லாம் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்து வைத்திருந்தது. அதை ஊசிமுனையால் எடுப்பதற்கு அவனுக்கு மாதக்கணக்கானது. அன்றிலிருந்து எந்த மண்ணைக் கொண்டு வந்தாலும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதன்மேல் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

2002 தை மாசம் தரகர் அரியமுத்து ஒரு ஜாதகத்தோடு வந்தார். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடலை வறுத்து விற்கும் குடும்பம். பெண் பெயர் அமிர்தவல்லி, வயது முப்பத்தொன்று. அங்கேயும் செவ்வாய். "செவ்வாய்க்கு செவ்வாய் சேந்துச்சுன்னா சுத்தம்ங்க, ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டுப் போயிரும்" என்றார். எல்லார் வீட்டிலும் இதையேதான் சொல்லி முப்பது வருஷமாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

பாப்பாத்தியும் அவள் புருஷன் முத்துசாமியும் தர்மராஜை இஸ்திரி போட்ட சட்டைக்குள் திணித்து ஜெயங்கொண்டத்துக்கு அழைத்துப் போனார்கள். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, பெண் வந்து கும்பிட்டாள். கறுத்த முகம், நெற்றியோரம் அடுப்பு வெக்கையில் காய்ந்த முடி. காலம் மாறிவிட்டதை நிரூபிக்கும் உற்சாகத்தில் முத்துசாமி, "ரெண்டு பேரும் ஏதாச்சும் பேசணும்னா பேசட்டுமே" என்றார். பெண்ணின் அப்பாவும் சரி என்றார். கொல்லைப் பக்கம் அனுப்பினார்கள்.

கொல்லையில் கடலை வறுக்கும் அடுப்பு இருந்தது. அதன்மேல் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு இரும்புச் சட்டி, அதற்குள் பாதி வரைக்கும் மணல். தர்மராஜ் பெண்ணைப் பார்த்தானா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. மணலைப் பார்த்தான். கருப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. அவன் கால் தானாக நடந்தது. குந்தி உட்கார்ந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினான்.

"பாத்துங்க, சுட்டுரப் போவுது" என்றாள் அமிர்தவல்லி.

"இது எத்தன வருஷத்து மணலுங்க?"

பெண் பார்க்க வந்தவன் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி இது. வேறு பெண்ணாக இருந்தால் உள்ளே ஓடிப்போய்ச் சொல்லிச் சிரித்திருப்பாள். அமிர்தவல்லி யோசித்துப் பதில் சொன்னாள்.

"எனக்குப் பத்து வயசு இருக்கறப்ப அப்பா திருமானூர்லேருந்து மாட்டு வண்டில கொண்டாந்தது. ஒவ்வொரு ஈடு வறுத்ததும் சலிச்சு எடுத்துருவோம். கொறைய கொறைய புது மணல் ஒரு படி சேப்போம். பழசக் கொட்ட மாட்டோம். புது மணலு கடலையக் கருக்கிரும். பழசுதான் பதமா வறுக்கும்."

"யாராச்சும் கேட்டா?"

"குடுக்க மாட்டோம். மணலக் குடுத்தா கடையவே குடுத்த மாதிரிம்பாரு அப்பா. எதுக்குக் கேக்குறீங்க?"

தர்மராஜ் சொன்னான். வெள்ளைக்காரர், அட்டைப் பெட்டி, எண்பத்தேழு, கொள்ளிடம், காந்தம், பெவிகாலில் தண்ணீர் கலந்து தெளிப்பது என்று ஒன்று விடாமல் சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் பேசியதை அக்கா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். அமிர்தவல்லி சிரிக்கவில்லை. தூணில் சாய்ந்து முழுக்கக் கேட்டாள்.

"ஸ்டேஷன்ல ஆளுங்க இருக்காங்களா?"

"இன்னும் வெக்கலீங்க."

"ஆளே இல்லாம என்ன ஸ்டேஷன்? வண்டி யாருக்காக நிக்கும்?" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எங்க அத்த ஒங்க வூடு பாக்க வர்றப்ப காட்டுங்க. எப்படி இருந்துச்சுன்னு அதுகிட்ட கேட்டுக்கறேன்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தர்மராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்திரிக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். கல்யாணம் என்றால் வீட்டில் இன்னொரு ஆள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். கேட்கிறதற்கு ஒரு ஆள் என்பது அன்றுதான் புத்தியில் ஏறியது. மணலைக் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டதில் அவனுக்குத் தன்மேல் மரியாதையே வந்துவிட்டது. கல்யாணம் ஆகட்டும், அவளே ஒரு படி எடுத்துக் கொடுப்பாள் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தான்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதற்கு மாசியில் ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று. அது கழிந்து மூன்றரை மணிக்கு வருவதாகப் பேச்சு. பாப்பாத்தி இரண்டு மணிக்கெல்லாம் வந்து கேசரி கிண்டுவதாக ஏற்பாடு.

தர்மராஜ் லீவு போட்டான். காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பினான். அத்தை பார்த்துப் போய்ச் சொல்லப் போகிறாளே, அரைகுறையாகவா காட்டுவது? யார்டைத் தொடவில்லை, அதற்கு மணல் இல்லை. பிளாட்பாரத்துக்கு அந்தப்புறம் இருக்கும் பொட்டலுக்கு மட்டும் கொள்ளிடத்து மணல் தூளைப் பரப்பிவிடலாம் என்று ஆரம்பித்தான். பசை காயும்வரை தண்டவாளம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, அதன்மேல் வரிசையாக மூன்று கற்களைக் கழுவி வைத்தான். வேகனில் நிலக்கரிக்குப் பதில் நிரப்பலாம் என்று ஒரு கிண்ணத்தில் கருப்பு எள் எடுத்து வைத்தான். பெவிகாலில் நாலு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கினான். இங்க் ஃபில்லரால் சொட்டினால் மணல் குழிவிழுகிறது. அதற்கு அவனாகக் கண்டுபிடித்த வழி ஒன்று இருந்தது. ஒரு பிடி அருகம்புல்லைக் கட்டி, பசைத் தண்ணீரில் நனைத்து, மேலாக உதறித் தெளித்தால் தூள் அசையாமல் நனையும். சட்டையில் பட்டால் போகாது என்று சட்டையைக் கழற்றிவிட்டு, குளித்த ஈர வேட்டியோடு நின்று தெளித்துக்கொண்டிருந்தான்.

பெண் வீட்டாருக்கு வழியில் யோசனை மாறிவிட்டது. ராகுகாலம் முடிந்து எதற்குப் போக வேண்டும், ஆரம்பிப்பதற்கு முன்பே போய்விட்டால் ஆயிற்று என்று அத்தை சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டரைக்கே அரியலூரில் இறங்கிவிட்டார்கள். பெரியப்பா உத்திராபதி, அத்தை, இன்னும் இரண்டு பெண்கள், நடுவில் அரியமுத்து.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. முதலில் எட்டிப் பார்த்தது அத்தை. அவள் கண்ட காட்சியை அவள் இடத்தில் இருந்து பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது. பரப்பிய மணல். அதன்மேல் மூன்று கல். பக்கத்தில் எள். வெற்றுடம்பும் ஈர வேட்டியுமாக ஒரு ஆம்பளை, பாலை அருகம்புல்லால் தொட்டு மணலில் தெளித்துக்கொண்டிருக்கிறான். இன்ஜின் மோட்டார் பழுதாகி அலமாரியில் இருந்தது. பசை படாமல் இருக்கத் தொட்டி, கம்பம், மரம் எல்லாவற்றையும் அங்கேயே எடுத்து வைத்திருந்தான், தண்டவாளம் தூளுக்குள் பாதி புதைந்து கிடந்தது. ரயில் என்று சொல்ல மணல்மேல் ஒன்றுமே இல்லை.

ஒரு ஆளை எரித்துவிட்டு வந்த மறுநாள் சுடுகாட்டில் செய்கிற காரியம் அது. பிறந்ததிலிருந்து இந்த ஊர்ப்பக்கம் இருக்கிற யாருக்கும் அதை அடையாளம் தெரியாமல் போகாது. தர்மராஜே அம்மாவுக்குச் செய்தவன்தான். நாலு வருஷமாக அந்தப் பலகையையே பார்த்துப் பார்த்து அவன் கண்ணுக்கு அது ஸ்டேஷன் ஆகிவிட்டது. வேறொன்றாகத் தெரியும் என்று அவனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

"வாங்க, வாங்க" என்றான், கையில் புல்லோடு.

அத்தை வாசற்படியைத் தாண்டவில்லை. "ஒங்க அம்மா தவறி அஞ்சு வருஷம் ஆச்சுன்னு தரகரு சொன்னாரு. இப்ப யாருக்குத் தம்பி பால் தெளிக்கிறீங்க?"

"பால் இல்லீங்க, பெவிகாலு. இது ரயிலுக்கு..." என்றான்.

"ரயிலா?" என்று உத்திராபதி பலகையைப் பார்த்தார். ரயில் இல்லை. தர்மராஜ் அலமாரிக்கு ஓடி இன்ஜினை எடுத்தான். அவசரத்தில் மூடி கழன்று விழுந்தது. உள்ளே இருந்த சக்கரமும் கம்பியும்தான் அவர்கள் பார்த்தது. சரியாகச் சொல்லத் தெரிந்த வாய் அவனுக்கு இருந்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாரும் சிரித்துக் கேசரி சாப்பிட்டிருப்பார்கள். கொல்லையில் அத்தனை பேசிய வாய் அன்றைக்கு, "இல்லீங்க... அது வந்துங்க..." என்பதோடு நின்றுவிட்டது. சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினான். அத்தை அதை வாங்கவில்லை. தீட்டு வீட்டில் தண்ணீர் வாங்குவார்களா? "வாங்க போவலாம்" என்று மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

பாப்பாத்தி இரண்டு மணிக்குப் பூவும் ரவையுமாக வந்து சேர்ந்தபோது தம்பி மணலின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பசை காய்ந்து நன்றாக இறுகியிருந்தது. விஷயத்தைக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தம்பியையும் திட்டினாள், அத்தையையும் திட்டினாள், கடல் கடந்து வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போன மனுஷனையும் திட்டினாள். பிறகு இன்ஜினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மறுநாளே தனியாக ஜெயங்கொண்டத்துக்குப் போனாள்.

போய் வந்து அவள் சொன்னது இவ்வளவுதான். பெண்ணின் அப்பா பாதி மனசுக்கு வந்துவிட்டார். அத்தைதான், "பொம்மையக் காட்டி ஏமாத்தாதீங்க. என்னவா வேணா இருந்துட்டுப் போவட்டும், நல்ல காரியத்துக்குப் போன எடத்துல என் கண்ணு பாத்தது அத. சகுனம் சகுனந்தான்" என்று ஒரே பிடியாக நின்றாள். ஏற்கெனவே செவ்வாய், இது வேறு சேர வேண்டுமா என்றாள்.

"அந்தப் பொண்ணு உள்ளேருந்து ஒண்ணு சொல்லுச்சுடா" என்றாள் பாப்பாத்தி.

"என்ன?"

"'அது பெவிகாலுத் தண்ணி அத்தே'ன்னுச்சு. யாரு காதுல வுழுந்துச்சு?"

தர்மராஜ் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றான். அம்மா செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

கதை ஊருக்குள் பரவியது. அரியமுத்து வேறு இரண்டு இடங்களில் பேசிப் பார்த்தார். "சுடுகாட்டு பூஜை பண்றவரு"தானே என்று கேட்டார்கள். பிறகு அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஆவணியில் ஒருநாள் மட்டும் வந்தார். கையில் வாய் தைத்த ஒரு துணிப்பை. வாசலிலேயே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயங்கொண்டத்துப் புள்ளைக்கு விருத்தாசலத்துல ரெண்டாந்தாரமா முடிஞ்சிருச்சு. மொத சம்சாரம் தவறினவரு, நல்ல மனுஷன்தான். இத ஒங்ககிட்ட சேத்துரச் சொல்லுச்சு. அப்பனுக்குத் தெரியாது, சொல்லிராதீங்க. பொண்ணு வூட்டுலேருந்து பாத்திரம் வந்து பாத்திருக்கேன், பண்டம் வந்து பாத்திருக்கேன். மணல் வந்தத இப்பத்தான் பாக்குறேன்."

தர்மராஜ் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஆள வெக்கச் சொல்லுச்சு. என்னா ஆளு, எதுக்குன்னு எனக்கு வெளங்கல. ஒங்களுக்கு வெளங்குனாச் சரி."

அந்த மணலைத் தர்மராஜ் சலித்தான். ஆலையில் ஓரம் கிழிந்து கழித்துப் போட்ட சல்லடையில் பாதிக்கு மேல் கீழே இறங்கியது. இருபது வருஷம் கடலையோடு உரசி உரசி அவ்வளவு சன்னமாகியிருந்தது. காந்தத்தை ஓட்டினான். சட்டி இரும்பு முடிமுடியாகக் கொஞ்சம் ஒட்டியது, அவ்வளவுதான். நிறம் யார்டேதான். நாலு வருஷமாகத் தேடியது கைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிரப்பி, மூடியை இறுக்கி, அலமாரியில் வைத்தான்.

அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

கேட்பதற்கு யாரும் இல்லாவிட்டாலும் காரணம் சொல்லிக்கொண்டான். முதலில் மோட்டார் சரியாகட்டும். முதலில் கூரைக்கு வர்ணம் அடிக்கட்டும். மழைக்காலம் போகட்டும், பசை காயாது. இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. உண்மை அவனுக்குத் தெரியும். பசை தெளித்து இறுகிவிட்டால் அந்த மணலைத் திரும்ப அள்ள முடியாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். பாட்டிலில் இருக்கும்வரை முடியவில்லை என்று அவன் ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் நடுவில் யார்டு வெறும் பலகையாகக் கிடந்தது. ஆளும் வைக்கவில்லை.

2007. அரியலூர் மறுபடியும் மாவட்டமாகப் போகிறது என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்த வருஷம். ஒரு வார லீவு நாளில் வழக்கம்போல ஸ்டேஷனுக்குப் போனவன், பிளாட்பார பெஞ்சில் ஒரு பெண் மொட்டையடித்த பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். குழந்தையின் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு வந்து முடியிறக்கித் திரும்புகிறவர்கள் போல. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நெற்றியோரம் முடி நன்றாக வளர்ந்திருந்தது. அடுப்பைவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறதே.

திரும்பிப் போய்விடலாமா என்று அவன் நினைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் அமிர்தவல்லி.

"இருக்கேங்க."

குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "மணல் பத்துச்சுங்களா?"

 ஐந்து வருஷமாகப் பாட்டிலில் இருக்கிறது என்று இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அப்பாவுக்குத் தெரியாமல் அள்ளித் தைத்து அனுப்பியவள்.

"பத்துச்சுங்க. மிச்சங்கூட இருக்கு. கலரு இந்தா, இப்ப நீங்க பாக்குறீங்களே, அப்படியே இதேதான்."

அவள் தண்டவாளத்துக்கு நடுவில் கிடந்த தரையைக் குனிந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "ஆளுங்க?"

"வெச்சிட்டேங்க. பிளாட்பாரம் நெறைய."

"அதானே பாத்தேன்" என்றாள்.

தண்ணீர் பாட்டிலோடு அவள் புருஷன் வந்தார். சாதுவான முகம். யார் என்று கண்ணால் கேட்டார். "அரியலூர் சாரு. ஒருதரம் எங்க வூட்டுக்கு வந்தாங்க, மணலப் பத்தி விசாரிச்சாங்க" என்றாள். அவர் கும்பிட்டார். தர்மராஜும் கும்பிட்டான். அவள் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை.

விருத்தாசலம் போகிற பாசஞ்சர் வந்து நின்றது. ஏறிப் போய்விட்டார்கள். வண்டி கண்ணுக்கு மறைகிறவரை நின்றுவிட்டு, தர்மராஜ் வேகமாக வீட்டுக்கு நடந்தான். சொன்ன பொய்யை இன்றைக்கே உண்மையாக்கிவிட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

பாட்டில்களை இறக்கினான். ஐந்து வருஷத்து ஈரத்தில் மணல் கொஞ்சம் கட்டிப் பிடித்திருந்தது. அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து, மணலைக் கொட்டி, சன்னமான தீயில் வறுத்தான். முதலில் ஒன்றும் இல்லை. சூடு ஏற ஏற, அந்த மணலில் இருபது வருஷமாக ஊறியிருந்த எண்ணெய் இளகி, வறுத்த கடலை வாசம் எழுந்தது. சமையல்கட்டு நிறைந்து, ஹால் நிறைந்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போனது. அவனுக்குக் கரண்டியைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. அந்தக் கொல்லை, அந்த அடுப்பு, தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த முகம் எல்லாம் வந்து நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணலை ஆறவிட்டு, யார்டில் ஒரே சீராகப் பரப்பினான். பெவிகாலைக் கலக்கினான். இந்தத் தடவையும் கதவைச் சாத்தவில்லை. வந்து பார்ப்பதற்கு இனி யார் இருக்கிறார்கள்? அருகம்புல்லை நனைத்துத் தெளித்து முடித்தான். ஆட்களை வைப்பதுதான் பாக்கி.

பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த சுகன்யா வாசலில் வந்து நின்றாள். அவள் குடிவந்து ஆறு மாசத்தில் இந்த வீட்டு வாசலில் இன்னொருவர் செருப்பைப் பார்த்ததில்லை.

"என்னண்ணே, கடலை வறுக்குற வாசம் தெருவத் தூக்குது. யாராச்சும் விருந்தாளி வந்திருக்காங்களா?"

தர்மராஜ் கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தான்.

"வந்தாங்கம்மா. இப்பத்தான் ரயிலுக்குப் போனாங்க" என்றான்.